அபிமானம் அறிவுக்கு ஒத்ததா?

ஒவ்வொரு காற்பந்துப் பருவமும் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஒரு பேச்சுப் பருவம் தொடங்கிவிடுகிறது. ஈப்போவின் காப்பிக் கடைகளிலும், தோட்டத்து ஆபீசுத் தாழ்வாரங்களிலும், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பஸ் நிலையங்களிலும் அப்பேச்சைச் செவிமடுத்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். இன்னும் ஒரு பந்தும் உதைக்கப்படவில்லை. ஒரு புள்ளி பெறப்படவுமில்லை, இழக்கப்படவுமில்லை. ஆயினும் மனிதர்கள் மகிழ்கிறார்கள், கலங்குகிறார்கள், வாதாடுகிறார்கள். புதிதாய் வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் கோல் போடுவாரா? பயிற்சியாளர் உள்ளூர் இளைஞருக்கு இடம் கொடுப்பாரா? ஜொகூரை இவ்வாண்டில் ஒருமுறையேனும் வெல்வோமா? இத்தகைய கேள்விகள் அரிசி விலையைப் பற்றிய கேள்விகளைப் போலவே கவலையோடு கேட்கப்படுகின்றன.

பேராக் மாநிலத்தாருக்கு இக்கவலை சாதாரணக் கவலையாக இருந்த காலம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளாக அது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டில் பேராக் அணி மேற்பிரிவிலிருந்து இறங்கிற்று. அக்காலத்தில் ஆட்டத்தைப் பற்றிய செய்தியைக் காட்டிலும் ஆட்டக்காரரின் சம்பளப் பாக்கியைப் பற்றிய செய்தியே மிகுதியாக வந்தது. 2022இல் தொலைத்தொடர்புத் தொழில் நடத்தும் கம்பெனி ஒன்று அணியின் பொறுப்பை ஏற்றது. 2023இல் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டபோது மேற்பிரிவில் மீண்டும் இடம் கிடைத்தது. ஆனால் 2025இல், 2025–26ஆம் பருவம் தொடங்குமுன்பே, பணமுடையின் காரணமாக அணி சூப்பர் லீக்கினின்றும் விலகிக்கொண்டது. அதே ஆண்டில் பகாங் அணியும் விலகிற்று. கெடா அணிக்கு உரிமம் மறுக்கப்பட்டது. ஆக, 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 என எட்டுமுறை நாட்டின் பழம்பெருங் கிண்ணத்தை வென்ற மாநிலத்தின் பெயர் அப்பருவத்து மேற்பிரிவு அட்டவணையில் இல்லாதொழிந்தது. ‘வெல்லுமா?’ என்று கேட்டுவந்த அபிமானிகள் ‘இருக்குமா?’ என்று கேட்கலாயினர்.

இந்நிலையில் ஒரு கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுப்பி ஆராய்வது நன்று. தான் ஆடாத ஆட்டத்தில், தனக்கு இலாபம் தராத கம்பெனியின் அணிமேல், ஒரு மனிதன் வருஷந்தோறும் நம்பிக்கை வைத்து, வருஷந்தோறும் வருந்துவது அறிவுக்கு ஒத்த செயலா? அல்லது மூடபக்திகளுள் இதுவும் ஒன்றா?

இக்கேள்வியை இத்தகைய பத்திரிகையில் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசினார். அன்று தொட்டு இந்நாட்டுச் சீர்திருத்தக்காரர்கள் தமிழரை நோக்கி ஓயாது கேட்டுவந்த கேள்வி, ‘நீ இதன்மேல் பக்தி கொண்டிருப்பதற்குக் காரணம் என்ன?’ என்பதேயாம். காவடிக்கும், ஜாதிக்கும், சடங்குக்கும் விடுத்த அக்கேள்வியை மஞ்சளும் கறுப்புமான சட்டைக்கு மட்டும் விடுக்காமல் விட்டுவிடுவது நேர்மையாகாது. நமக்குப் பிடித்த பக்தியை அறிவின் சோதனையிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, பிறர் பக்தியை மட்டும் சோதிப்பவன் சீர்திருத்தக்காரனல்லன். அவன் வெறும் கட்சிக்காரன்.

அபிமானத்தை மறுப்போர் கூறும் காரணங்கள் மூன்று. முதலாவது, இது பிறப்பின் தற்செயலால் வருவது. ஒருவன் பத்து காஜாவில் பிறந்தால் பேராக் அணியை நேசிக்கிறான். அவனே கிள்ளானில் பிறந்திருந்தால் சிலாங்கூரை நேசித்திருப்பான். தற்செயலுக்காக ஒருவன் உயிரை விடுவானேன்? இரண்டாவது, இதில் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. 2014 முதல் 2024–25 வரை லீக் பட்டத்தைத் தொடர்ந்து பதினொருமுறை ஜொகூர் அணியே வென்றது. அப்படியிருக்க, மற்ற மாநிலத்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாய் நம்புவது கணக்கறியாதவன் செயல் அல்லவா? மூன்றாவது, இது ஏழையின் காலத்தையும் காசையும் கவனத்தையும் கவர்ந்துகொள்கிறது. தன் கூலியைப் பற்றியும், தன் பிள்ளையின் பள்ளியைப் பற்றியும் கேட்க வேண்டிய வாய், நடுவரை வைவதிலே ஓய்ந்துபோகிறது. இம்மூன்றும் வலிய வாதங்களே. ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போமாக.

பிறப்பின் தற்செயல் என்பது மெய்தான். ஆனால் தற்செயலாய் வந்தது யாவும் தள்ளத்தக்கது என்று கூறின், தாய்மொழியையும் தள்ளவேண்டும். அண்டை வீட்டாரையும் தள்ளவேண்டும். அண்டை வீட்டாரை நாம் தேர்ந்தெடுத்தோமில்லை. ஆயினும் அவர் வீட்டில் தீப்பிடித்தால், ‘தற்செயலாய் வந்த உறவு’ என்று சொல்லி ஒருவரும் வாளியைக் கீழே வைப்பதில்லை. ஆகையால், ஒரு பற்று எவ்வாறு வந்தது என்பதைக்கொண்டு அதை அளத்தல் போதாது. அது நம்மை என்ன செய்யும்படி ஏவுகிறது என்பதைக்கொண்டே அளக்கவேண்டும்.

ஜாதிப் பற்றும் பிறப்பினால் வருவது. ஊர்ப் பற்றும் பிறப்பினால் வருவது. இரண்டிற்கும் வேற்றுமை யாது? ஜாதிப் பற்று நிலைத்திருக்க வேண்டுமானால் வேறொருவன் தாழ்ந்தே இருக்கவேண்டும். கீழே ஒருவன் இல்லையேல் மேல் என்பதே இல்லை. மேலும் அதனுள் புதியவன் எவனும் நுழைய முடியாது. ஊர்ப் பற்றோ அவ்வாறன்று. நேற்று வந்து குடியேறியவனும் இன்று திடலின் படிக்கட்டில் அமர்ந்து கைதட்டினால், அவனும் பேராக்காரனே. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் யாவரும் ஒரே கோலுக்கு ஒரே நொடியில் எழுந்து நிற்பதை ஈப்போத் திடலில் கண்டவர் பலர். ஈப்போவில் தோன்றி நாட்டின் நடுக்களத்தை ஆண்ட வோங் சூன் வாவையும், பேராக் அணியில் ஆடிப் பின்னர் பயிற்சியாளராய்ப் புகழெய்திய எம். கராத்துவையும், எந்த இனத்தார் என்று கேட்டபின்னா மக்கள் கொண்டாடினார்கள்?

இன்னுமொரு சோதனை உண்டு. நேர்மையான அபிமானம் எதிரியின் திறமையையும் மதிக்கவல்லது. சிலாங்கூரின் வலைக்காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் பந்தைப் பிடித்ததனால் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்டார். அவர் பேராக்குக்கு எதிரியாய் நின்றவர். பேராக்கின் எத்தனையோ கோல்களைக் கோலாகாதபடி தடுத்தவர். ஆயினும் 1988இல் அவர் சாலை விபத்தில் மாண்டபோது, தோட்டத்து லயங்களில் துக்கம் கொண்டாடியவர்கள் சிலாங்கூர்காரர் மட்டுமல்லர். எதிரியின் மரணத்தில் அழக்கூடிய பற்று ஜாதிப் பற்றாகாது. ஆகவே நாம் இதை ஓர் அளவுகோலாய்க் கொள்ளலாம். எதிர் அணியின் ஆட்டக்காரனை அவன் நிறத்தையோ இனத்தையோ சொல்லி இழித்துக் கூவும் கணத்தில், அபிமானி தன் பற்றை ஜாதிவெறியாக மாற்றிவிடுகிறான். அப்போது மறுப்போரின் முதற் குற்றச்சாட்டு அவன்மேல் முழுமையாய்ப் பொருந்துகிறது. அவ்விழிநிலைக்கு இறங்காத வரையில் அது பொருந்துவதில்லை.

இனி நம்பிக்கையைப் பற்றிய வாதம். இங்கே சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். எதிர்பார்ப்பு வேறு, நம்பிக்கை வேறு. எதிர்பார்ப்பு கணக்கைச் சேர்ந்தது. சென்ற ஆண்டின் புள்ளி இவ்வளவு, வாங்கிய ஆட்டக்காரர் இவ்வளவு பேர், ஆதலால் இத்தனையாவது இடம் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. சூதாடி அறிந்தது இது ஒன்றையே. ஆதலின் கணக்குப் பொய்த்த அன்றே அவன் அணியை விட்டுப் போய்விடுகிறான். நம்பிக்கை என்பது, கணக்கு என்ன சொன்னபோதிலும் நான் இங்கே இருப்பேன் என்னும் உறுதியாம். நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கும் மனைவி, ‘பிழைப்பார் என்பதற்கு நூற்றுக்கு எவ்வளவு?’ என்று மருத்துவரைக் கேட்டு, அதற்கேற்பத் தன் அன்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதில்லை.

பேராக்கின் வரலாறே இதற்குச் சான்று. 1970இல் கிண்ணம் வந்தது. மறுபடி வந்தது 1998இல். இடையில் 28 ஆண்டுகள். தந்தையின் தோளிலிருந்து 1970ஆம் ஆண்டின் வெற்றியைக் கேட்ட சிறுவன், தன் மகனைத் தோளில் சுமக்கும் வயதடைந்த பின்னரே அடுத்த வெற்றியைக் கண்டான். மீண்டும் 2000இல் வந்தது. அதன்பின் 18 ஆண்டுகள் வாராமல், 2018 அக்டோபரில் ஷா ஆலம் திடலில் திரங்கானுவுடன் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் முடிந்து, பெனால்டி உதைகளில் 4–1 என வெற்றி கிட்டிற்று. அந்த 28 ஆண்டுகளும் வீண் என்று கூறுவாரா? வெற்றி கிட்டாத ஆண்டுகளிலும் மக்கள் ஒருவரோடொருவர் கூடினர்; ஒன்றாய்ப் பஸ் ஏறினர்; ஒன்றாய்த் தோற்றுத் திரும்பினர். கிண்ணம் அலமாரியில் இருக்கும் பொருள். கூட்டுறவு மனிதரிடையே இருக்கும் பொருள். பின்னதைப் பெற்றவர்கள் முன்னதற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டனர்.

உழைப்பின் பயன் உழைத்தவன் கைக்கு எட்டாமற் போதலும் இவ்வாட்டத்தில் உண்டு. 1980இல் மலேசிய அணி, தென் கொரியாவை வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் நாடு அவ்விழாவைப் புறக்கணித்தமையால் ஒருவரும் செல்லவில்லை. அவ்வணியைப் பயிற்றிய ஜெர்மானியர் கார்ல் வெய்காங் மனமுடைந்து இத்தொழிலை விட்டுவிடவில்லை. 18 ஆண்டுகளுக்குப் பின்னர், 1998இல் பேராக்கிற்குக் கிண்ணம் பெற்றுத் தந்த பயிற்சியாளரும் அவரே. நம்பிக்கை என்பது கண்மூடித்தனம் அன்று, ஒருவகைப் பொறுமை என்பதை இவர் வரலாறு காட்டும்.

ஆயினும் இவ்விடத்தில் நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவராவோம். மூன்றாவது வாதம் எஞ்சி நிற்கிறது. மூன்றிலும் கடியது அதுவே. அபிமானம் மனிதனின் கண்ணை மறைக்கிறது என்கிறார்கள். மறைத்ததுண்டா? உண்டு என்றே சொல்லவேண்டும்.

தொழில்முறை ஆட்டக்காரன் யார்? அவன் ஒரு தொழிலாளி. பால்வெட்டுக்குப் போகிறவன் கத்தியைக்கொண்டு உழைப்பதுபோல, அவன் காலைக்கொண்டு உழைக்கிறான். அவனுக்கும் ஒப்பந்தம் உண்டு, சம்பள நாள் உண்டு, வாடகை உண்டு, பால் கேட்கும் குழந்தை உண்டு. அவன் தொழில் செய்யும் ஆண்டுகளோ மிகக் குறைவு. முப்பத்தைந்து வயதில் பெரும்பாலும் முடிந்துவிடும். தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதும் என்போன்ற கிராணிமார்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு நிர்வாகத்தின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், அதன் பங்களாவைப் பார்த்துப் பயனில்லை. சம்பள நாளில் பணம் சரியாய் வந்ததா என்று பார்த்தால் போதும். மாதம் முடிந்து, பெயர்கள் பதிந்து, கூட்டுத்தொகை போட்டு, பணம் வாராமல் வரிசை மட்டும் நிற்குமானால், அந்தத் தோட்டத்தில் எத்தனை ரப்பர் விளைந்தாலும் அதனைச் செழித்த தோட்டம் என்று சொல்லலாகாது.

அப்படியிருக்க, நம் அணியின் ஆட்டக்காரருக்கு மாதக்கணக்காய்ச் சம்பளம் வரவில்லை என்ற செய்தி வந்த நாட்களில், அபிமானிகளின் பேச்சு எதைப் பற்றியதாக இருந்தது? அடுத்து யாரை வாங்குவது என்பதைப் பற்றியே பெரும்பாலும் இருந்தது. ஒரு பெரிய வெளிநாட்டு ஆட்டக்காரர் வேண்டும், முன்வரிசைக்கு ஒருவர் வேண்டும், பின்வரிசைக்கு ஒருவர் வேண்டும் என்று கூவினோம். அதற்குப் பணம் எங்கே என்று கேட்டவரைக் கோழை என்றோம். வரவுக்கு மிஞ்சிய செலவு செய்யும் நிர்வாகங்களை மட்டும் குறை கூறுவது எளிது. ஆனால் சந்தையில் எது கூவிக் கேட்கப்படுகிறதோ அதையே வியாபாரி கொண்டுவந்து வைப்பான். கிண்ணத்தை மட்டும் கேட்டு, கணக்கைக் கேளாத கூட்டத்திற்கு, கடன்பட்டுக் கிண்ணம் தேடும் நிர்வாகமே வாய்க்கும். இது பேராக்கிற்கு மட்டும் உரிய நோயன்று. 2025இல் மூன்று மாநிலங்களின் அணிகள் ஒருசேர இல்லாமற்போனது அதற்குச் சாட்சி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழிவந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியும், 2019 முதல் 2022 வரை மேற்பிரிவில் ஆடி, அதன்பின் விலகிப்போயிற்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு படியாக இருக்கும் என்று பலர் எண்ணியிருந்த அணி அது.

இதனினும் கொடிய நோய் ஒன்றும் முன்னர் வந்ததுண்டு. 1994இல் நாட்டின் லீக் முழுமையாகத் தொழில்முறை லீக் ஆயிற்று. அக்காலத்திலேயே சூதுக்காரரிடம் கைக்கூலி வாங்கித் தோற்றுக்கொடுத்த விவகாரம் வெடித்து, 126 ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர்; 58 பேர் தற்காலிகமாக விலக்கப்பட்டனர்; ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். மக்கள் நெஞ்சாரக் கூவிய ஆட்டங்களுள் சில, முன்பே விற்கப்பட்ட ஆட்டங்களாக இருந்தன. அதன்பின் பலர் திடலுக்கு வருவதையே விட்டனர். அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால் சம்பளம் ஒழுங்காய் வாராத இடத்தில் கைக்கூலி எளிதாய் நுழையும் என்னும் பாடத்தை நாம் அன்றே கற்றிருக்கவேண்டும். பசித்தவனைச் சோதிப்பது சூதுக்காரனுக்குக் கடினமான வேலையன்று.

ஆகவே மூன்றாவது வாதத்திற்கு நம் விடை இது: கண்ணை மறைக்கும் அபிமானம் குற்றமுடையதே, ஆனால் அதற்கு மருந்து அபிமானத்தைக் கைவிடுவதன்று, அதற்குக் கண் கொடுப்பதாகும். பிள்ளையை நேசிக்கும் தாய் அவன் பொய்யைப் பொறுத்துக்கொண்டால் அது செல்லம்; திருத்தினால் அதுவே அன்பு. அணியை நேசிப்பவன் அதன் கணக்கைக் கேட்கவேண்டும். ‘எத்தனை கோல்?’ என்று கேட்பதற்குமுன், ‘சென்ற மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா?’ என்று கேட்கும் கூட்டம் உருவாகும் நாளில், ஆட்டக்காரனின் கூலியைப் பற்றிய கேள்வி தன் கூலியைப் பற்றிய கேள்வியையும் கற்பிக்கும். அப்போது விளையாட்டு தொழிலாளியின் கவனத்தைத் திருடுவதற்குப் பதிலாக, அவனுக்குப் பயிற்சிப் பள்ளியாகும்.

இங்கே ஒரு தடை எழும். ‘கணக்கைக் கேட்க நாம் யார்? மாநிலச் சங்கங்களின் கையிலிருந்த அணிகள் இப்போது கம்பெனிகளாகிவிட்டன. பணம் போட்டவன் வைப்பான், எடுப்பான்’ என்பர். நியாயமான தடைதான். அணி யாருடையது என்பதை ஆராயாமல் இதற்கு விடை கூற முடியாது.

நாம் கொண்டாடும் கிண்ணத்தின் பிறப்பையே எண்ணிப் பாருங்கள். 1921இல் ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டுக்கு வந்தது. அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் காற்பந்துக்கு ஒரு கிண்ணம் அளித்தனர். அதுவே மலாயாக் கிண்ணம். 1967இல் மலேசியக் கிண்ணமாகப் பெயர் மாறியபோது முதன்முதல் வென்றதும் பேராக்கே. ஆனால் அந்தப் போர்க்கப்பல் யார் பணத்தில் கட்டப்பட்டது? பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் நான்கு கூட்டரசு மலாய் மாநிலங்களின் வருமானத்தில். அவ்வருமானம் எங்கிருந்து வந்தது? கிந்தா வெளியின் ஈயத்திலிருந்தும், மலைச்சரிவுகளின் ரப்பரிலிருந்தும் வந்தது. ஈயம் தோண்டிய சீனக் கூலியும் பால்வெட்டிய தமிழ்க் கூலியும் இட்ட உழைப்பு கப்பலாயிற்று. கப்பலிலிருந்து கிண்ணம் நன்கொடை என்ற பெயரில் திரும்பி வந்தது. கொடுத்தவன் பெயர் கிண்ணத்தில் இருந்தது. உழைத்தவன் பெயர் எங்கும் இல்லை. இவ்வாட்டத்தின் மேல் நமக்கு உரிமை என்ன என்று கேட்பாருக்கு இது ஒரு விடை.

மற்றொரு விடை, கம்பெனி எதை வாங்குகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. உரிமத்தை வாங்கலாம், சட்டையின் முத்திரையை வாங்கலாம், ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் ‘பேராக்’ என்னும் பெயரைக் கேட்டவுடன் ஒருவன் நெஞ்சில் எழும் துடிப்பை எந்தக் கம்பெனியும் உண்டாக்கவில்லை. அது தலைமுறை தலைமுறையாய் மக்கள் இட்ட முதல். அம்முதலை நம்பியே கம்பெனியும் வருகிறது. எவன் முதலைக் கொண்டு வாணிபம் நடக்கிறதோ, அவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஜெர்மனியில் சில விலக்குகள் நீங்கலாக, தொழில்முறை அணிகளில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை அங்கத்தினராகிய மக்களிடமே இருக்கவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2002இல் விம்பிள்டன் அணியை அதன் உரிமையாளர் வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றபோது, அபிமானிகள் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. தாங்களே புதிய அணி ஒன்றைக் கடைசிப் படிகளிலிருந்து தொடங்கினர். ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், அது தொழில்முறை லீக்கில் இடம்பெற்றது; 2020இல் தங்கள் பழைய பகுதிக்கே திடலோடு திரும்பினர். அவர்கள் கோடீஸ்வரர்களல்லர், சந்தா செலுத்திய சாதாரண மனிதர்கள்.

‘இத்தனை தொல்லை எதற்கு? பெட்டியைத் திறந்தால் மான்செஸ்டரும் லிவர்பூலும் வருகின்றனவே. அவற்றை நேசித்துவிட்டுப் போகலாமே’ என்று கூறும் இளைஞர் பலர். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. நல்ல ஆட்டம் எங்கிருந்தாலும் நல்லதே. ஆயினும் ஒரு வேற்றுமையை அவர்கள் உணரவேண்டும். தூரத்து அணி நம்மிடம் சந்தாப் பணத்தையும் சட்டைக்கான விலையையும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. நாமும் அதனிடம் ஒன்றும் கேட்க முடியாது. அங்கே நாம் வாடிக்கைக்காரர். இங்கேயோ உறவினர். ஈப்போத் திடலின் புல் காய்ந்தால் நாம் குரல் எழுப்பலாம். சித்தியவான் பையன் ஒருவனுக்குப் பூட்ஸ் இல்லையென்றால் நாம் வாங்கிக் கொடுக்கலாம். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வரவில்லையென்றால் நாம் கேட்கலாம். கடமை இல்லாத இடத்தில் அன்பு இலேசானது, இலேசானதாகையால் இனிமையானதும்கூட. ஆனால் மனிதனை உயர்த்துவது பாரமுள்ள அன்பே.

மேற்பிரிவில் அணி இல்லாத பருவம் வந்தால் அபிமானி எங்கே போவான்? இதற்கும் விடை அருகிலேயே இருக்கிறது. அணி என்பது மரத்தின் உச்சி. வேர் சிறுவர் ஆடும் திடல். அவ்வேரைப் பற்றி நமக்கு எவ்வளவு கவலை இருந்தது? ஒரு காலத்தில் தோட்டந்தோறும் ஒரு திடல் இருந்தது. மாலையில் பால்வாளியைக் கழுவி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஆடினார்கள். ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனையும் அழிந்து வீடமைப்பு வந்தது. தோட்டம் கலைந்தபோது கோயிலுக்காக வாதாடியவர் உண்டு, பள்ளிக்காக வாதாடியவரும் உண்டு. திடலுக்காக வாதாடியவர் அரியர். அந்தப் பிள்ளைகள் இன்று பட்டணத்து அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைத்து, காவற்காரனிடம் ஏச்சு வாங்குகிறார்கள். திடலை இழந்த சமூகம், தன் பிள்ளைகள் ஏன் மாநில அணியில் இல்லை என்று கேட்பதில் பயன் என்ன?

1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த பிரிட்டிஷ் பட்டாளத்து அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்று கேடயம் பெற்றனர். ‘நாமும் சமமானவர்’ என்று பல நூல்கள் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு மாலைப் பொழுது புரியவைத்தது. தோட்டத்துப் பிள்ளைக்கும் அத்தகைய ஒரு மாலைப் பொழுது வேண்டும். மதுக்கடையும் குண்டர் கூட்டமும் அவனை அழைக்கும் வயதில், அவனை அழைக்க ஒரு பயிற்சியாளரும் ஒரு விசிலும் ஒரு வரிசையும் வேண்டும். காற்பந்து எல்லாப் பிணிக்கும் மருந்தென்று நாம் கூறவில்லை. கல்விக்கு அது ஈடாகாது. ஆனால் நேரத்துக்கு வருதல், பிறனுக்குப் பந்தைக் கொடுத்தல், தோற்றபின் கைகுலுக்குதல் ஆகிய மூன்றையும் அது கற்பிக்கிறது. இம்மூன்றும் அறிந்தவன் தொழிற்சங்கத்துக்கும் நல்லவன், குடும்பத்துக்கும் நல்லவன்.

ஆதலால் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. அபிமானம் அறிவுக்கு ஒத்ததா? தானாக ஒத்ததுமன்று, தானாக முரண்பட்டதுமன்று. பிறரைத் தாழ்த்தாமலும், கணக்கை மறவாமலும், கடமையை ஏற்றும் நிற்கும் அபிமானம் அறிவுக்கு ஒத்தது. பிறரை இழித்து, கூலியைக் கேளாமல், வெற்றியை மட்டும் பிச்சை கேட்கும் அபிமானம் மூடபக்தியே. அதற்கு மஞ்சள் சட்டை அணிவித்தாலும் அதன் குணம் மாறாது.

அன்பர்களே! அடுத்த பருவத்தைப் பற்றி உங்கள் உள்ளத்தில் ஆசையும் அச்சமும் இருக்குமானால், அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் அவ்வாசைக்குக் கைகால்களைக் கொடுங்கள். இந்த மாதத்தில் ஒருநாள், உங்கள் மாவட்டத்துச் சிறுவர் ஆட்டம் ஒன்றிற்குச் சென்று நில்லுங்கள். திடல் ஒன்று விற்பனைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டால், நகராண்மைக் கழகத்துக்குப் பத்துப் பேராய்க் கையெழுத்திட்டு எழுதுங்கள். பந்தயம் கட்டுகிறவன் பக்கத்தில் உட்காராதீர்கள். மீண்டும் பேராக்கின் பெயரில் ஓர் அணி மேற்பிரிவுக்கு வரும் நாளில் டிக்கெட்டை விலை கொடுத்து வாங்குங்கள்; வாங்கிய கையோடு, ஆட்டக்காரருக்கும் புல்வெட்டுகிறவருக்கும் கூலி கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அக்கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வருமாயின், அன்று மாலை நம் அணி தோற்றாலும் நாம் தலைநிமிர்ந்து வீடு திரும்பலாம்.